ஒரு குரூப்பு மூணாச்சு: ஊர்த் தாக்கல் வாட்ஸ்அப் சர்வீஸ் பத்தி ஒரு கஸ்டமர் ரிவ்யூ

தாக்கல்னா எங்க பக்கத்துல சேதி. ரேட்டிங்க மொதல்லயே சொல்லிருதேன். ஒண்ணா இருந்தப்ப அஞ்சுக்கு நாலு. மூணா பிரிச்சதுக்கு அப்புறம் ரெண்டரை. அந்த அரையும் அட்மின் அண்ணாச்சி ராத்திரி பகல் பாக்காம உழைக்காவல்ல, அதுக்காக. பேரு போடல, இங்கன இருக்கவங்களுக்கு நான் எத சொல்லுதேன்னு தெரியும், தெரியாதவங்களுக்கு பேரு தெரிஞ்சும் புண்ணியமில்ல.

நான் ஆலங்குளத்துல மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன். கெணத்து மோட்டார், போர் மோட்டார், வீட்டு மோட்டார், எது எரிஞ்சாலும் நம்மகிட்டதான் வரும். இந்த குரூப்புல 2021லருந்து இருக்கேன், கொரோனா ரெண்டாவது அலையில எந்த ஆஸ்பத்திரில பெட் இருக்குன்னு கேக்க சேந்தது, அப்புறம் வெளிய வரவே இல்ல. அப்பல்லாம் ஒரு குரூப்புக்கு 256 பேருதான, அதனால நெல்லை 1, நெல்லை 2, நெல்லை 3ன்னு வரிசையா போவும், ஒரே தாக்கல அண்ணாச்சி ஒவ்வொண்ணுலயும் ஒக்காந்து ஃபார்வேர்டு பண்ணுவாவ. 2022ல வாட்ஸ்அப்காரன் மொதல்ல 512 ஆக்குனான், அப்புறம் 1024 ஆக்குனான், அண்ணாச்சி எல்லாத்தையும் ஒண்ணா கூட்டிட்டாவ. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூணு மாவட்டமும் ஒரே குரூப்பு. படிக்க காசு கிடையாது. கடை விளம்பரம் போடணும்னா மாசம் 150 ரூவா. நான் மொத மாசத்துலருந்து விளம்பரம் போடுற ஆளு, அதனால இந்த ரிவ்யூ எழுத எனக்கு உரிமை இருக்குன்னுதான் நெனைக்கேன்.

காலைல அஞ்சரைக்கு மொத மெசேஜ் வந்துரும். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனா, ராமநதி அணை எல்லாம் எத்தன அடி நிக்குதுன்னு. அதுக்கு பொறவு பாவூர்சத்திரம் மார்க்கெட்டு ரேட்டு. தக்காளி, கத்தரிக்கா, வெண்டக்கா, சின்ன வெங்காயம்னு வரிசையா இருக்கும். அப்புறம் எந்த சப் ஸ்டேஷன்ல இன்னைக்கு கரண்டு இல்லங்கிறது. பொறவு துட்டி, அதாவது சாவு சேதி, வேலைக்கு ஆள் தேவை, ரத்தம் தேவை, வழி தவறி வந்த ஆடு, சாவி கெடந்துச்சு, பர்ஸ் கெடந்துச்சு, பழைய பைக்கு விக்கிறது. இதுல ஒரு பெரிய மனுஷன் தினமும் ரோஜாப்பூ படத்தோட காலை வணக்கம் போடுவாரு, அண்ணாச்சி எத்தன தடவ சொல்லியும் நிப்பாட்டல, மூணா பிரிச்ச அன்னைக்கு மூணுலயும் போட்டாரு.

இப்ப விசயத்துக்கு வாரேன். 2024 பொங்கல் முடிஞ்ச கையோட அண்ணாச்சி ஒரு ஆடியோ போட்டாவ. இனிமே மாவட்டத்துக்கு ஒரு குரூப்பு, அவங்கவங்க மாவட்ட குரூப்புல மட்டும் இருங்க, அடுத்த மாவட்ட தாக்கல் போட்டா அழிச்சிருவோம்னு. ஏன்னு கேட்டா, ரொம்ப கூட்டம், ரொம்ப சண்ட, யாருக்கு வேண்டிய தாக்கல் யாருக்கும் போயி சேர மாட்டேங்குதுன்னாவ.

நியாயமா சொல்லணும்னா அதுல உண்ம இருந்துச்சு. நானே அடிபட்டவன். ஒரு ஐப்பசி மழையில காலைல ஆறு மணிக்கு குரூப்புல வருது, நெல்லை மாவட்டத்துல பள்ளிகளுக்கு இன்று விடுமுறைன்னு. எம்பையன் என் போன எடுத்து படிச்சிட்டு அவங்க அம்மைட்ட காட்டிட்டு போர்வைய இழுத்து மூடி படுத்துட்டான். ஆலங்குளம் தென்காசி மாவட்டத்துல இருக்கு, 2019 நவம்பர் 22ல பிரிஞ்சது, லீவு விடுறது இப்ப தென்காசி கலெக்டர். இது எனக்கு தெரியாதா, தெரியும், ஆனா அவசரத்துல யாரு யோசிக்கா, பொறந்ததுலருந்து அட்ரஸ்ல திருநெல்வேலி மாவட்டம்னு எழுதி எழுதி கையே அப்படி பழகிருச்சு. பத்து மணிக்கு ஸ்கூல்லருந்து போன், ஏன் பையன் வரலன்னு. வெளிய பாத்தா சுள்ளுன்னு வெயிலு. பையன எழுப்புனா, கலெக்டரே சொல்லிட்டாரு நீங்க யாருன்னு கேக்கான்.

இன்னொண்ணு அந்த பேரு. குரூப்பு பேருல நெல்லைன்னு இருந்தது தூத்துக்குடிக்காரங்களுக்கு ஆகவே இல்ல. அவங்க பக்கமும் ஞாயம் இருக்கு, 1986லயே சிதம்பரனார் மாவட்டம்னு தனியா போனவங்க, துறைமுகம் இருக்கு, ஏர்போர்ட்டு அவங்ககிட்ட இருக்கு, இன்னும் நம்மள நெல்லைன்னே சொல்லுதீங்களேன்னு கேட்டா என்ன பதில் சொல்ல. அதுல ஒரு ராத்திரி நெல்லை அல்வாவா தூத்துக்குடி மக்ரூனான்னு ஆரம்பிச்ச சண்ட, கோவில்பட்டி கடலமிட்டாய்க்காரங்க நடுவுல பூந்து, விடியக்காலம் ரெண்டு மணி வரைக்கும் ஓடுச்சு. காலைல பாத்தா 400 மெசேஜ். அதுக்கு அடியில ஒரு பாட்டிய காணோம்னு போட்ட மெசேஜ் பொதைஞ்சு கெடக்கு. பாட்டி கெடச்சிட்டா, அது வேற. ஆனா அன்னைக்கு எனக்கே தோணுச்சு இத பிரிச்சாதான் என்னன்னு.

சரி பிரிச்சாச்சு. எப்படி இருந்துச்சு?

மொத ரெண்டு வாரம் சொர்க்கம். அமைதி. லீவு தாக்கல் கரெக்டா நம்ம மாவட்டத்துது மட்டும் வருது, கரண்டு கட்டுல ஓட்டப்பிடாரத்த தாண்டி நம்ம ஊர தேட வேண்டாம், தாலுகா ஆபீஸ் மனு நாள், ரேஷன் இதெல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. சர்க்கார் சம்பந்தப்பட்ட எல்லாத்துக்கும் தனி குரூப்புதான் சரி, இத நான் இப்பவும் ஒத்துக்கிடுதேன்.

மூணாவது வாரம் கடையில ஒரு மாத்தம். முக்கூடல்லருந்து வார மோட்டாரு கொறைஞ்சு போச்சு. முக்கூடல் எங்க ஊர்லருந்து பைக்குல அரைமணி நேரம் கூட ஆவாது, ஆனா அது திருநெல்வேலி மாவட்டம். பாப்பாக்குடியும் அப்படித்தான். இந்த பக்கத்துல வெவசாயம் பாக்குற சம்சாரிங்கதான் என் கஸ்டமர்ல பாதி. என் விளம்பரம் இப்ப தென்காசி குரூப்புல மட்டும் போவுது. அத யாரு பாக்கா? சிவகிரில இருக்கவன் பாக்கான், சங்கரன்கோவில்ல இருக்கவன் பாக்கான், புளியங்குடில எலுமிச்ச தோட்டம் வச்சிருக்கவன் பாக்கான். அவன் எரிஞ்சு போன மோட்டார தூக்கிட்டு அம்புட்டு தூரம் ஆலங்குளத்துக்கு வருவானா? அவன் ஊர்ல காயில் கட்டுற ஆளே இல்லியா? அண்ணாச்சிக்கு போன் போட்டேன். நெல்லை குரூப்புலயும் வேணும்னா அதுக்கு தனியா 150 ஆவும்னாவ. அண்ணாச்சி, முன்னாடி 150க்கு மூணு மாவட்டமும் பாத்துச்சு, இப்ப 300 குடுத்தா ரெண்டுதான, இது எந்த கணக்குன்னு கேட்டேன். சிரிச்சாவ. பைய பாப்போம் தம்பின்னு வச்சிட்டாவ.

முக்கூடல்காரங்களுக்கு மட்டும் லாபமா? அவங்களுக்கும் நட்டம். அந்த பக்கத்து கத்தரிக்காவும் வெண்டக்காவும் ஏத்திட்டு வாரது ஆலங்குளம், பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குத்தான். ரேட்டு மெசேஜ் தென்காசி குரூப்புல வருது, அவங்க இருக்கது நெல்லை குரூப்புல. இப்ப தினமும் காலைல எனக்கு மூணு பேரு போன் போடுதாங்க, அண்ணே இன்னைக்கு சின்ன வெங்காயம் என்ன போச்சுன்னு. நான் மோட்டார் கடை வச்சிருக்கேனா மார்க்கெட்டு ஆபீஸ் வச்சிருக்கேனான்னு எங்க வீட்ல கேக்கா.

அதுக்கு பதிலா எங்க தென்காசி குரூப்புல என்ன நெறையுதுன்னா குத்தாலம். மெயினருவில குளிக்க தடை, ஐந்தருவில குளிக்க அனுமதி, பழைய குத்தாலத்துல கூட்டம், சீசனுக்கு ரூம் வாடகைக்கு. ஆனி ஆடில போன எடுத்தாலே தண்ணி கொட்டுது. உள்ளூர்க்காரன் எத்தன தடவ அருவிக்கு போவான், நான் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. விருந்தாளிக வந்தாத்தான் போறது.

ஆனா கடை வியாபாரம் போனதுக்கெல்லாம் நான் இம்புட்டு நீளமா எழுத மாட்டேன். எழுத வச்சது ஒரு ராத்திரி.

பக்கத்து வீட்டு மைனிக்கு பிரசவம். ரத்தப்போக்கு நிக்கல, பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு கொண்டு போயாச்சு. ஓ நெகட்டிவ், ரெண்டு யூனிட்டு, கையிருப்பு எவ்வளவு இருந்தாலும் டோனரும் ரெடியா இருந்தா நல்லதுன்னு சொன்னாங்க. நான் ராத்திரி ஒம்பது இருபதுக்கு எங்க குரூப்புல போட்டேன். அஞ்சு நிமிசத்துல நாப்பது கும்பிடு. ஷேர் பண்ணியாச்சு அண்ணே, ஷேர்டு, இறைவனை வேண்டுவோம். எல்லாம் நல்ல மனசுதான், நான் கொற சொல்லல. ஒரு பையன் சங்கரன்கோவில்லருந்து நான் வாரேண்ணேன்னான், அவன் பஸ் ஏறி பாளையங்கோட்டை வர ரெண்டு மணி நேரம் ஆவும். எனக்கு வேண்டியது மேலப்பாளையத்துல பேட்டையில மகராஜநகர்ல இருக்கவன். அவன் எல்லாம் அந்த குரூப்புல இருக்கான், நான் அதுல இல்ல. என் சேக்காளி ஒருத்தன் நெல்லை டவுண்ல இருக்கான், அவன எழுப்பி நெல்லை குரூப்புல போட சொன்னேன். போட்டான். ஒரு நிமிசத்துல அழிச்சிட்டாங்க. அண்ணாச்சி இல்ல, ராத்திரி டூட்டி பாக்குற சின்ன அட்மின். நோயாளி ஊரு ஆலங்குளம்னு இருக்கத பாத்துட்டு, வெளி மாவட்டப் பதிவு, உங்க குரூப்பில் போடவும்னு பதில்.

ஆளு படுத்திருக்கது பாளையங்கோட்டைல. கேக்குறது பாளையங்கோட்டைல இருக்கவன்கிட்ட. இதுல வெளி மாவட்டம் எங்கன இருக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. சேக்காளி ஊர் பேர எடுத்துட்டு திரும்ப போட்டான். பதினோரு நிமிசத்துல ஒரு மேலப்பாளையம் பையன் போன் போட்டான், எந்த வார்டுண்ணே, நான் கெளம்பிட்டேன்னு. சவத்த, ஒரு ஊர் பேர அழிச்சதும் ரத்தம் வந்துருச்சு. மைனியும் பிள்ளையும் நல்லாருக்காங்க, பொம்பளப்பிள்ள, இப்ப எங்க கடை வாசல்ல வந்து ஸ்குரூவ எல்லாம் எடுத்து வாயில வைக்குது.

மாவட்டத்த பிரிச்சது கலெக்டர் ஆபீஸ் கிட்ட வரணும்னுதான், அது நல்லதுதான், முன்னாடி புளியங்குடிக்காரன் ஒரு கையெழுத்துக்கு நெல்லை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு வரணும், ஒரு நாள் சம்பளம் போச்சு. ஆனா மத்ததெல்லாம் பிரியல பாருங்க. ஆலங்குளம் தென்காசி மாவட்டம், ஆனா நாங்க எம்பி எலக்சனுக்கு ஓட்டு போடுறது திருநெல்வேலி தொகுதிக்கு. தென்காசி எம்பி தொகுதில விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கு. எம்புள்ள காலேஜ் போனா மூணு மாவட்டத்துக்கும் கன்னியாகுமரிக்கும் சேத்து ஒரே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். பீடி சுத்துற பொம்பளைங்களுக்கு மாவட்டம் கெடையாது, கடனாநதி இந்த கரையிலயும் அதே இலை, அந்த கரையிலயும் அதே தூளு. செங்கோட்டைக்காரங்கள கேளுங்க, 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி, அப்புறம் திருநெல்வேலி, இப்ப தென்காசி, அவங்க எத்தன குரூப்புல சேர?

தண்ணி கதை இன்னும் சுத்தம். குத்தாலத்துல விழுற தண்ணி சிற்றாறா ஓடி சீவலப்பேரில தாமிரபரணியோட சேருது. கடனா திருப்புடைமருதூர்ல சேருது. தாமிரபரணில மேல இருக்க 6 அணைக்கட்டு நெல்லையில, மருதூரும் ஸ்ரீவைகுண்டமும் தூத்துக்குடில. கீழ இருக்கவனுக்கு வேண்டிய தாக்கல் எல்லாம் மேல இருக்கவன் கையிலதான் இருக்கு.

2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழம. அன்னைக்கு குரூப்பு ஒண்ணாதான் இருந்துச்சு. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பேஞ்ச மழ. மேல அணையில தண்ணி தெறக்காங்கன்னு அம்பாசமுத்திரத்துலருந்து ஒருத்தரு போடுதாரு. கொஞ்ச நேரத்துல கல்லிடைக்குறிச்சில படித்துறை முங்கிருச்சுன்னு போட்டோ. அப்புறம் சேரன்மகாதேவி. அப்புறம் நெல்லை ஜங்ஷன்ல பஸ் ஸ்டாண்டு பக்கம் தண்ணின்னு வீடியோ. இத எல்லாம் பாத்துட்டு ஆத்துல கீழ இருக்க ஏரல் பக்கத்துல கடை வச்சிருக்க ஒரு அண்ணாச்சி கேக்காரு, கல்லிடைக்குறிச்சில எந்த படி வரைக்கும் நிக்கு, கல் மண்டபம் தெரியுதா இல்லையான்னு. தெரியலன்னு பதில் வந்துச்சு. அம்புட்டுதான், அவரு வேற ஒண்ணும் கேக்கல, கீழ இருந்த அரிசி மூட்டைய எல்லாம் மாடிக்கு ஏத்த ஆரம்பிச்சிட்டேன்னு மட்டும் போட்டாரு. ராத்திரி அந்த பக்கம் டவரு போயிருச்சு. ரெண்டு நாள் கழிச்சு ஒரு மெசேஜ், மூட்டை தப்பிச்சுது, பைக்கு போச்சு, நாங்க இருக்கோம்னு.

ஸ்ரீவைகுண்டத்துல திருச்செந்தூர் ரயிலு நின்னுதே, 800 பேரு மாட்டுனாங்களே, அப்பவும் அதே குரூப்புலதான் இந்த பக்கத்து ஆளுங்க எங்க அத்தை அந்த வண்டில இருக்கா, எங்க மச்சான் இருக்கான்னு கேட்டுகிட்டே இருந்தாங்க, பக்கத்து ஊர்க்காரங்க சோறு பொங்கி குடுக்காங்கன்னு தாக்கல் வந்தப்பதான் எங்க தெருவுல ரெண்டு வீட்ல அடுப்பு பத்த வச்சாங்க.

அதே மழ இப்ப வந்தா? ஏரல் அண்ணாச்சி தூத்துக்குடி குரூப்புல இருப்பாரு. கல்லிடைக்குறிச்சிக்காரரு நெல்லை குரூப்புல போடுவாரு. நடுவுல யாராவது ஒருத்தன் ரெண்டுலயும் இருந்து ஃபார்வேர்டு பண்ணணும், அவனும் அன்னைக்கு தூங்கிட்டா போச்சு.

இத அண்ணாச்சிட்ட நேர்லயே சொன்னேன். அவிய சொன்ன பதில் ஒண்ணு எனக்கு மறுத்து பேச முடியல. எல்லாரும் வெள்ளத்தயே சொல்லுதீங்க தம்பி, வெள்ளம் எப்பவாச்சும் வருது, அல்வா சண்ட தினமும் வருதுல்லா, அத ராத்திரி ஒக்காந்து அழிக்கிறது நாந்தானன்னாவ. கண்ணு செவந்து கெடந்துச்சு மனுசனுக்கு. நமக்கு இது ஓசில வார தாக்கல், அவிய வீட்ல இதனால தினமும் ஏச்சு.

ஆனாலும் இத மாவட்ட கோட்ட வச்சு வெட்டுனது தப்புங்கிறதுதான் என் கட்சி. லீவு, கரண்டு, தாலுகா, ரேஷன் இதெல்லாம் மாவட்டத்துக்கு ஒண்ணு இருக்கட்டும், அட்மின் மட்டும் போடுற மாதிரி, யாரும் பேச வேண்டாம். ரத்தம், ஆறு, மார்க்கெட்டு, காணாம போன ஆளு, இதுக்கு மூணுக்கும் பொதுவா ஒண்ணு, அதுலயும் அரட்டை கெடையாது. அல்வா மக்ரூனுக்கு நாலாவதா ஒண்ணு தெறந்து விடுங்க, அடிச்சிக்கிட்டு கெடக்கட்டும், காலை வணக்கத்தையும் அங்கன அனுப்பிருங்க. வாட்ஸ்அப்லயே கம்யூனிட்டின்னு ஒண்ணு குடுத்திருக்கான், பல குரூப்ப ஒரே கொடைக்குள்ள வச்சிக்கிடலாம், பொதுத் தாக்கல ஒரே எடத்துல போட்டா எல்லாருக்கும் போயிரும். அண்ணாச்சிக்கு அத செட் பண்ண தெரியல, எம்பையன் பண்ணி தாரேங்கான், லீவு நாள்ல.

வெளியூர்லருந்து புதுசா சேரலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு: மாவட்டத்துக்கு நடுவுல இருக்கீங்க, தென்காசி டவுணு, சங்கரன்கோவில், நெல்லை டவுணு, தூத்துக்குடி டவுணுன்னா தாராளமா சேருங்க, கொற சொல்ல ஒண்ணும் இல்ல, தாக்கல் எல்லாம் விசாரிச்சுத்தான் போடுதாவ, பொய் தாக்கல் நான் ஒண்ணு ரெண்டு தடவைக்கு மேல பாத்ததில்ல. எங்கள மாதிரி கோட்டு மேல இருக்கவங்க, முக்கூடல், பாப்பாக்குடி, கடையம், அந்த பக்கம் தெய்வச்செயல்புரம், வல்லநாடுன்னா ரெண்டு குரூப்புலயும் சேருங்க. ஒரு நம்பருக்கு ஒரு மாவட்டம்தான் விடுவாவ, அதனால வீட்ல இருக்க இன்னொரு நம்பர வச்சு சேரணும். நான் எங்க வீட்ல உள்ளவ நம்பர நெல்லை குரூப்புல சேத்திருக்கேன், ஊரு எதுன்னு கேட்டப்ப அவ பொறந்த ஊரு சுத்தமல்லின்னு போட்டா, அது பொய்யும் இல்ல.

கடை விளம்பரம் போடுறவங்க ஒரு மாசம் மட்டும் போட்டு பாருங்க, மூணு மாசத்துக்கு மொத்தமா கட்டாதீங்க. நான் கட்டிட்டேன், இந்த மாசக் கடைசில முடியுது. போன வாரம் மேல சொன்னத எல்லாம் ஆடியோவா பேசி அண்ணாச்சிக்கு அனுப்பினேன், ஏழு நிமிசம் வந்துச்சு. ரெண்டு நீல டிக்கு விழுந்துருச்சு. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் வந்திருக்கு, கேட்டுட்டு போட்டாவளா கேக்காம போட்டாவளான்னு தெரியல.